என் வண்டிக்கு மூன்றாவது பெடல்

ஜனவரி 5, ஞாயிறு

இந்த டைரி, இவருடைய பம்பு கம்பெனியில் டீலர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பம்பு படம் போட்டிருக்கிறது. மளிகைச் சாமான் எழுத வைத்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தேன். இன்றைக்கு நடந்ததை எங்காவது கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

பேரூர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது செல்வபுரத்தில் வண்டி நின்றுவிட்டது. இன்ஜின் நிற்கவில்லை, அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் கோபமாக உறுமியது. வண்டி மட்டும் ஓர் அங்குலம் நகரமாட்டேன் என்றது. இறங்கிக் குனிந்து பார்த்தால் ரோட்டில் சிவப்பாக எண்ணெய் கொட்டியிருந்தது.

உதவிக்கு வந்த ஆட்டோக்காரர் வலது பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "டிரைவர் எங்கக்கா போயிட்டாரு?" என்றார். நான்தான் டிரைவர் என்றேன். அவர் ஸ்டியரிங்கைத் தேடினார். இது அமெரிக்க வண்டி, ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும் என்று விளக்கிச் சொல்லி, அவரையும் இன்னும் நாலு பேரையும் வைத்துத் தள்ளி ஓரமாக நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பச்சை நிற மஸ்டாங். அப்பாவின் மில்லுக்கு மெஷின் பூட்ட வந்த அமெரிக்க இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது அப்பாவிடம் விற்றுவிட்டுப் போனது. நான் கார் ஓட்டப் படித்ததே இதில்தான். ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் மாற்றுகிற வேலை கிடையாது. கைப்பிடியை இழுத்து 'டி'யில் வைத்தால் அதுவாகப் போகும். கல்யாணத்தின்போது அப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "மாப்ள, இது என்ற பொண்ணு மட்டும் ஓட்டற வண்டி" என்று இவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. இவர் இன்றுவரை அந்த இடது சீட்டில் உட்கார்ந்ததில்லை.

ஜனவரி 6, திங்கள்

லியாகத் வந்து பார்த்தார். இவரும் அவரும் பள்ளிக்கூட சிநேகிதர்கள். எங்கள் வீட்டு வண்டிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக். அடியில் படுத்து, கழற்றி, முகர்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"அக்கா, கியர் பாக்ஸு உள்ளார பூரா கருகிப்போச்சு. வயசாச்சில்ல. இதுக்குச் சாமான் அமெரிக்காவிலிருந்து வரோணும். வந்தாலும் பூட்டறதுக்கு இங்க ஆளில்ல. நானே இந்த மாதிரிப் பொட்டிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, "பேசாம மேனுவல் ஆக்கிப்போடலாமா லியாகத்து? நாலு கியரு, ஒரு கிளட்சு" என்றார். லியாகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கிழவர்களும் அப்படியே காருக்கு அடியில் குனிந்து பேச ஆரம்பித்தார்கள். சொந்தக்காரி ஒருத்தி நிற்கிறாள் என்ற நினைப்பே இல்லை.

"எனக்குக் கிளட்ச் தெரியாதுங்களே" என்றேன்.

"உனக்கு எதுக்கம்மணி அந்தக் கருமம்? எங்க போவோணும்னு சொல்லு, நான் கூட்டிட்டுப் போறேன்."

எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போவதற்குத்தான் எனக்கு வண்டி. வெள்ளிக்கிழமை பேரூர் என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். சாமியைக் கும்பிட்டதும் அப்படியே சிறுவாணி ரோட்டில் மலை தெரிகிற வரைக்கும் போய், வண்டியை நிறுத்தி, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவேன். அதற்கு ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சரி என்றேன். வண்டி ஓடினால் போதும். எனக்கு ஒன்றும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

எனக்கு ஒன்றும் இல்லை என்று நேற்று எழுதியது சத்தியம். ரசத்தில் உப்பு கூடிப்போனது தற்செயல்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கலும் அதுவுமாக கியர் பாக்ஸ் வந்து இறங்கியது. இதே மாதிரி வண்டி ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த ஆளை பெங்களூரில் கண்டுபிடித்து, லியாகத் நேரில் போய் வாங்கி வந்தார். கியர் பாக்ஸ், கிளட்ச் தட்டுகள், உரல் கனத்துக்கு ஒரு சக்கரம், மூன்றாவது பெடல் எல்லாம் சாக்கில் சுற்றி வந்தன.

வீட்டில் மாடு இல்லாததால் இவர் வருஷா வருஷம் கம்பெனியில் லேத் மெஷினுக்குப் பொட்டு வைப்பது வழக்கம். இந்த வருஷம் கியர் பாக்ஸுக்கு வைத்தார். என்னை ஆரத்தி எடுக்கச் சொன்னார். கோயமுத்தூர் ஜில்லாவில் கியர் பாக்ஸுக்கு ஆரத்தி சுற்றிய முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

ஜனவரி 20, திங்கள்

பழைய பெட்டியை இறக்கிவிட்டார்கள். புதுக் கியர்க் கம்பி மேலே வருவதற்காக வண்டியின் தரையில் ஓட்டை போட வேண்டுமாம். லியாகத் கட்டிங் மெஷினை எடுத்ததும் பார்க்கக்கூடாது என்று உள்ளே வந்துவிட்டேன். பிறகு டீ கொடுக்கப் போனேன். டீ கொடுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது.

என்னுடைய பழைய பிரேக் பெடல் அகலமானது. இரண்டு காலையும் வைக்கலாம். அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். எடுத்துத் துடைத்து என் பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தேன். துருப்பிடிக்கக் கூடாது, அதற்காகத்தான்.

ஜனவரி 24, வெள்ளி

இன்று வெள்ளிக்கிழமை. எங்கும் போகவில்லை. இவர், "பேரூருக்கு நான் கொண்டு போய் விடட்டா?" என்று கேட்டார். முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பழைய கார்கள் கிளப்பின் செயலாளர் போன் செய்தார். வருஷா வருஷம் கிளப் வண்டிகளெல்லாம் கோவையிலிருந்து குன்னூருக்கு ஊர்வலமாகப் போகும். எப்போதும் எங்கள் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டு போவேன், இவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வருவார். இந்த வருஷம் மார்ச் இரண்டாம் தேதியாம். போனை எடுத்தது இவர்.

"வண்டி தயாராயிரும். டிரைவர் பேருங்களா? நாச்சிமுத்துன்னு போட்டுக்குங்க."

தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து வந்தேன். "ஏனுங்க, என்ற வண்டிக்கு உங்க பேரா?"

"கிளட்சு தெரியாம நீ எப்படி அம்மணி குன்னூர் ஏறுவே? பொறத்தால வர்ற பஸ்ஸுக்காரன் கதி என்னாவறது?"

சொன்னது நியாயமான பேச்சுதான். அதுதான் தாங்க முடியவில்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்திருக்கிறார் மனுஷன். அப்பா சிரித்துக்கொண்டே சொன்ன சொல்லை இவர் சிரித்துக்கொண்டே மறந்துவிட்டதாக நான் நினைத்திருந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

சாயிபாபா காலனியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். வீட்டில் லலிதா சகஸ்ரநாம வகுப்பு என்று சொல்லியிருக்கிறேன். வயது அறுபதைத் தாண்டிய பிறகு பொய் சொல்லிவிட்டு வெளியே போவதில் ஒரு தெம்பு இருக்கிறது.

சொல்லிக் கொடுப்பவள் ஆக்னஸ் என்ற பெண். என் மகள் வயதுகூட இருக்காது. லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "மேடம், நான் பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கியிருக்கீங்க. அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்றாள். இடது கால் படிக்கவில்லை, வலது கால் மட்டும்தான் படித்திருக்கிறது என்றேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஆக்னஸ் ஒரே பாட்டைத்தான் பாடுகிறாள்: "கிளட்சை மெதுவா விடுங்க மேடம், மெதுவா, மெதுவா, ஐயோ மேடம்." வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிடுகிறது. இன்று என்.எஸ்.ஆர். ரோட்டில் சிக்னல் பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. நான் அங்கேயே இருந்தேன். பின்னால் வந்த பைக்குக்காரன் என்னமோ சொன்னான். ஆக்னஸ் கண்ணாடியை இறக்கி அவனுக்கு ஒரு பதில் சொன்னாள். இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது.

ராத்திரி இவர், "வகுப்புல எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று கேட்டார். ரெண்டாவது வரைக்கும் என்றேன். ஸ்லோகத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று பெரிய ரகளை. நேற்று சாயங்காலம் கியர் பாக்ஸைத் தூக்கி, இடித்து, நெம்பி, ஒருவழியாக மாட்டி முடித்திருந்தார்கள். காலையில் லியாகத் வேலை முடிந்ததா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "நாச்சி, பித்தளை புஷ்ஷப் போட்டமா?" என்றார். கட்டைவிரல் தண்டிக்கு ஒரு பித்தளை வளையம். இன்ஜினின் முனையில் அதைப் பொருத்திய பிறகுதான் கியர் பாக்ஸை ஏற்ற வேண்டுமாம். இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் எல்லாம் ஆட்டம் கண்டுவிடுமாம். டீத் தட்டின் மேல் வைத்ததாக ஞாபகம் என்றார்.

டீத் தட்டில்தான் இருந்தது. டம்ளர்களோடு சேர்த்துக் கழுவி, புளி போட்டுத் தேய்த்து, சமையலறை ஜன்னலில் வைத்திருந்தேன். குத்துவிளக்கின் திருகாணி என்று நினைத்தேன். எங்கள் குத்துவிளக்குக்குத் திருகாணி இல்லையே என்று இவர் கேட்டார். ஞாபகமில்லை என்றேன்.

மறுபடி அத்தனையையும் இறக்க வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போகும். நான் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கு இன்னும் மூன்றாவது கியர் சரியாக விழவில்லை, அதனால் ஒரு வாரம் தள்ளிப்போனது நல்லதாயிற்று. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12, புதன்

லியாகத் பேத்திக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. இவரால் தனியாகத் தூக்க முடியாது. ஜாக்கியை நான் பிடித்துக்கொண்டேன். சேலையில் கிரீஸ் ஆகும் என்று மகளுடைய பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். "சித்தெ மேல. இன்னும் சித்தெ. நிறுத்து அம்மணி" என்று காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வரும். நான் நிறுத்துவேன். பித்தளை புஷ்ஷை நான்தான் அதன் இடத்தில் வைத்தேன், இவர் மரச்சுத்தியால் தட்டினார்.

மத்தியானம் ஷெட்டிலேயே தயிர்சாதம் சாப்பிட்டோம். இவர் முதன்முதலில் செய்த பம்பு, ஊத்துக்குளியில் ஒரு தோட்டத்தில் தண்ணீரை மேலே அனுப்பாமல் கீழேயே இழுத்துக்கொண்ட கதையைச் சொன்னார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீதான் வெள்ளிக்கெழமையானா வண்டிய எடுத்துட்டுப் போயிருவியே" என்றார். அது என்ன பதில் என்று தெரியவில்லை. மற்ற ஆறு நாளும் வீட்டில்தானே இருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எல்லாம் மாட்டியாயிற்று. சாவியைத் திருகினால் வண்டி சத்தமே போடவில்லை. பேட்டரியைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு ஸ்டார்ட்டரைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு ஒருவரையொருவர் சந்தேகப்பட்டார்கள். லியாகத் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்குக் காரணம் தெரியும். கைப்பிடி 'பி'யில், அதாவது நிறுத்தி வைக்கிற இடத்தில் இருந்தால்தான் இந்த வண்டி ஸ்டார்ட் ஆகும், 'டி'யில் வைத்துத் திருகினால் பிணம் மாதிரி கிடக்கும். அந்தக் கைப்பிடியையே பிடுங்கி எறிந்துவிட்டால், 'பி'யில் இருக்கிறோமா இல்லையா என்று அதற்கு யார் சொல்வது? நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

காலையில் இவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் காப்பி இல்லை, பேப்பரும் இல்லை.

"சுலோ, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த வண்டியைப் பற்றி இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டேன். போய் அந்தப் பழைய கைப்பிடிக்குப் போன ஒயர் இரண்டையும் தேடி ஒன்றாகச் சேர்த்து முறுக்கினார். சாவியை நான் திருகினேன். கியரில் கிடக்கிறதா என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. வண்டி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, ஷெட் ஓரத்தில் அடுக்கியிருந்த தேங்காய் மட்டைக் குவியலில் போய் முட்டி நின்றது. பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. இவர் ஓடி வந்து என் பக்கக் கதவைத் திறந்து, "அடி கிடி பட்டுச்சா?" என்று கேட்ட வேகத்தில் செருப்பு ஒரு பக்கம் கிடந்தது.

பிப்ரவரி 21, வெள்ளி

தடாகம் ரோட்டில் முதல் ஓட்டம். இடது சீட்டில் இவர். பவுடர் போட்டு, சலவைச் சட்டை போட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தார். முதல் கியரில் நன்றாகத்தான் கிளம்பினார். இரண்டாவது போட வேண்டிய நேரத்தில் என் வண்டியின் கண்ணாடி கீழே இறங்கியது.

விஷயம் இதுதான். இத்தனை காலமாக இவர் ஓட்டியதெல்லாம் நம்மூர் வண்டி. வலது பக்கம் உட்கார்ந்து இடது கையால் கியர் போட்டே பழக்கம். இந்த வண்டியில் இடது பக்கம் உட்கார்ந்தால் கியர் வலது கைக்கு வருகிறது. இவர் கிளட்சை மிதித்ததும் இடது கை தானாகக் கியரைத் தேடிப் போகிறது. அங்கே கதவுதான் இருக்கிறது, கதவில் கண்ணாடியை இறக்குகிற கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடித்து ஒரு சுற்று. வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போனது. ஒவ்வொரு தடவையும் அதே கதை. கணுவாய் போய்ச் சேர்வதற்குள் கண்ணாடி முழுதாக இறங்கிவிட்டது.

நான் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இன்றும் அதே கூத்து. ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திக்கொண்டு போனது. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. இவர் கிளட்சை மிதித்த நேரம் பார்த்து, நான் இந்தப் பக்கத்திலிருந்து கியரைப் பிடித்து இரண்டில் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. ஆக்னஸின் வண்டியில் இடது கையால் போட்டுப் பழகியது, இந்த வலது சீட்டில் உட்கார்ந்தால் அப்படியே கைகொடுக்கிறது.

"உனக்கு எப்படி அம்மணி தெரியும்?"

"மிக்ஸிய ஒண்ணுலிருந்து ரெண்டுக்குத் திருப்பறதில்லீங்களா, அந்த மாதிரிதான்."

நம்பினாரோ என்னவோ. அதன்பிறகு இவர் கிளட்சை மிதித்து "மூணு" என்பார், நான் போடுவேன். "ரெண்டு" என்பார், போடுவேன். மாங்கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். இவருக்கு ஒரே குஷி. "இப்படியே குன்னூர் ஏறிரலாம் அம்மணி. நான் ஓட்டறேன், நீ கியரு போடு" என்றார். அதாவது வேலை பாதி எனக்கு, பேர் முழுக்க இவருக்கு. நானும் திரும்பி வரும்போது இரண்டு தடவை சிரித்தேன் என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 26, புதன்

இவர் கம்பெனிக்குப் போனதும் ஆக்னஸை வீட்டுக்கு வரவழைத்தேன். என் வண்டியைப் பார்த்து வாயைப் பிளந்தாள். நான் இடது சீட்டில் உட்கார்ந்து ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும், கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் ஓட்டினேன். வலது கையால் கியர் போடுவது எனக்குப் பெரிய காரியமில்லை, அந்தச் சீட்டில் என் வலது கை காலகாலமாக அங்கேதான் கிடக்கிறது. கிளட்ச்தான் கொடுமை. கல் மாதிரி இறுகியிருக்கிறது, எட்டவும் மாட்டேன் என்கிறது. நுனிக்காலில் மிதித்தால் தொடை நடுங்குகிறது. "மேடம், மலையில வண்டி நின்னுட்டா இந்தக் காலை வெச்சு எடுக்க முடியாது" என்றாள் ஆக்னஸ். அழுகை வந்துவிட்டது எனக்கு. குன்னூர் போகட்டும். சிறுவாணி ரோடு? இனி வாழ்நாள் பூரா யாராவது ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டியதுதானா?

அந்த நேரம் பார்த்து இவர் கண்ணாடியை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்தார். ஆக்னஸ் டிரைவிங் ஸ்கூல் பனியனும் கழுத்தில் சிலுவையுமாக நிற்கிறாள். சகஸ்ரநாம வகுப்புப் பெண் என்று சொன்னேன். "அப்படிங்களா, சாப்பிட்டுட்டுப் போங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நல்லவேளை, ஒன்றும் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

கிளட்ச் பெடலில் ஒரு தேக்குக் கட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறது. அழுத்தமும் முன்பைவிட லேசாக இருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் பாதம் முழுசாகப் படிகிறது. லியாகத் இந்த வாரம் வரவே இல்லை. எப்போது செய்தாரோ தெரியவில்லை.

கட்டை வந்ததும் இவருக்கு முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஆனாலும் செயலாளரிடம் சொன்ன பேரை மாற்றச் சொல்லவில்லை. நாளைக்கு இஸ்திரி போட வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்திருக்கிறார்.

மார்ச் 2, ஞாயிறு

முதலிலிருந்து எழுதுகிறேன்.

ரேஸ் கோர்ஸிலிருந்து காலையில் கிளம்பினோம். இவர் ஓட்ட, நான் கியர் போட, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வரைக்கும் நன்றாகவே போனோம். அங்கே எல்லோருக்கும் டீ. மலை ஏறுவதற்கு முன்னால் இன்ஜின்கள் ஆற வேண்டும். எங்கள் வண்டியைச் சுற்றித்தான் கூட்டம். ஆட்டோமேட்டிக்காக இருந்ததா, எப்படி மாற்றினீர்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இவர் பானெட்டில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

"நானும் லியாகத்தும்தானுங்க. பொட்டிய நான் இறக்குனேன், நான் ஏத்துனேன். ஸ்டார்ட் ஆவாம ரொம்பப் படுத்துச்சு. ஒயர எல்லாம் நான்தான் கண்டுபுடிச்சேன்."

"மேடம் ஒத்தாசை பண்ணுனாங்களா?" என்று யாரோ கேட்டார்.

"டீ போட்டுக் குடுத்தாங்க" என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். கூட்டத்தைக் கண்டால் மனுஷனுக்கு வாய் முன்னால் போய்விடும். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது.

இளநீர் வாங்கி வருகிறேன் என்று இவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனார். சாவி வண்டியிலேயே இருந்தது. நான் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். கட்டையில் காலை வைத்து அமுக்கினேன். ஸ்டார்ட் செய்து, ஒன்றைப் போட்டு, மெதுவாக, மெதுவாக விட்டேன். வண்டி குலுங்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் இவர் இரண்டு கையிலும் இளநீரோடு ரோட்டு நடுவில் நிற்கிறார்.

முதல் கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் வந்தது, நின்றேன். பின்னால் லாரி வந்து ஒட்டி நின்றது. கிளட்சை விட்டதும் வண்டி அணைந்தது. பின்பக்கமாக ஒரு முழம் உருண்டது. லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். செத்தோம் என்று நினைத்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கட்டை மேல் இருக்கிற கால் சொல்லும்வரை காத்திருந்தேன். பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன். என் வண்டி என்னை ஏற்றிக்கொண்டு மேலே போனது. யாருமில்லாத வண்டிக்குள் நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதமாட்டேன்.

அடுத்த வளைவில் அகலமான இடம் பார்த்துத் திருப்பிக்கொண்டு இறங்கி வந்தேன். மற்ற வண்டிகளெல்லாம் போய்விட்டிருந்தன. இவர் தனியாக மைல்கல் மேல் உட்கார்ந்திருந்தார். இளநீர் இரண்டும் மடியில். வண்டியை மலையைப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினேன். இடது கதவருகே வந்து நின்றார். நான் நகரவில்லை. இன்ஜினை அணைக்கவும் இல்லை.

"புஷ்ஷ வெச்சது நானு. ஒயரச் சொன்னது நானு" என்றேன்.

"ஆமா" என்றார். "தப்புத்தான் அம்மணி." பிறகு, "அந்தக் கட்டை ஒசரம் சரியா இருக்குதா?" என்று கேட்டார்.

சரியாக இருக்கிறது என்றேன். அந்த நீளமான பானெட்டைச் சுற்றிக்கொண்டு போய் வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

மலை ஏறினோம். முதல் வளைவு நெருங்கியபோது இவருடைய இடது கை எழுந்து வந்து கியர் மேல் உட்கார்ந்தது. "கையை எடுங்க" என்றேன். எடுத்துவிட்டார். அடுத்த வளைவில் மறுபடி வந்தது. இவருக்கே தெரியாமல்தான் வருகிறது. திட்டலாம் என்று திரும்பிப் பார்த்தேன். இவர் வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கியர் இவருடைய இடது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆயுசு முழுக்க அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அந்தக் கை கதவைத் தேடவில்லை. திட்ட மனம் வரவில்லை.

"சரி. நான் சொன்னாத்தான் போடோணும்."

"சரி."

நான் கிளட்சை மிதித்து, "ரெண்டு" என்றேன். சத்தமில்லாமல் போட்டார். அதன்பிறகு பர்லியாறு தாண்டி, காட்டேரி தாண்டி, நான் சொல்லச் சொல்ல இவர் போட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நான் சொல்வதற்கு முன்னால் மூன்றைப் போட்டுவிட்டார். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். மன்னிப்புக் கேட்ட பிறகுதான் எடுத்தேன்.

குன்னூரில் நாங்கள்தான் கடைசி. செயலாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இடது பக்கம் வந்து குனிந்தார். "நாச்சிமுத்துன்னு இல்ல போட்டிருக்குது?" என்றார்.

"அடிச்சுட்டு சுலோசனான்னு எழுதிக்குங்க" என்றார் இவர், அந்தப் பக்கத்திலிருந்து. "அவங்க டிரைவருங்க. நான் கியரு."

செயலாளர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

இறங்கும்போதும் நான்தான் ஓட்டினேன். வரும் வெள்ளிக்கிழமை பேரூர் போகிறேன் என்று சொன்னேன். தனியாகவா என்று கேட்டார். தனியாகத்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, "மூணு போடட்டா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.